வெள்ளிக்கிழமை இறங்கிய ஷட்டர்

ஹபீப் பாய்க்குக் கேம் தியரி பிடித்த கதையை அவர் மனைவி ஹாஜிரா பீயிடம் கேட்டால், பேய் பிடித்த கதை மாதிரிதான் சொல்வார். அதிலும் நியாயம் இருக்கிறது. தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் மேட்சிங் சென்டர் வைத்திருக்கிற மனிதர் அவர். பெண்கள் புடவையைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தில் ரவிக்கைத் துணி கிழித்துக் கொடுப்பதுதான் தொழில். ஐம்பதைத் தாண்டிய வயதில் சர்க்கரை, கொலஸ்ட்ரால் என்று ஊர் உலகத்துக்கு வருகிற ஏதாவது ஒன்று வந்திருக்கலாம். ஹபீபுர் ரஹ்மானுக்கு வந்தது இது.

கொண்டுவந்து சேர்த்தவள் மகள் சாய்மா. எம்.ஏ. எகனாமிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கக் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போவாள். கடை திறப்பதற்கு முன்னால் அவர்தான் பைக்கில் கொண்டுபோய் விடுவார். ராயப்பேட்டை வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள், படித்ததையெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். ஆழ்வார்பேட்டை சிக்னலில் ஒரு நாள் அவள் சொன்னது அவர் காதில் விழுந்து அங்கேயே குடியேறிவிட்டது.

இரண்டு திருடர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். போலீஸ் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒரே பேரத்தை இருவரிடமும் பேசுகிறது. உன் கூட்டாளியைக் காட்டிக்கொடு, உன்னை விட்டுவிடுகிறோம், அவன் வருஷக்கணக்கில் உள்ளே இருப்பான். இருவருமே வாயைத் திறக்காவிட்டால் சரியான சாட்சி இல்லை, இருவருக்கும் சின்னத் தண்டனையோடு போகும். இருவருமே காட்டிக்கொடுத்தால் இருவருக்கும் பெரிய தண்டனை. இப்போது ஒரு திருடன் என்ன செய்வான்?

"இன்னா செய்வான்?" என்று தலையைத் திருப்பிக் கேட்டார் ஹபீப் பாய். பச்சை விழுந்துவிட்டது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள்.

"எதிராளி என்ன நினைப்பான்னு முதல்ல யோசிப்பான் அத்தா. கேம் தியரின்னா அதுதான். வண்டிய எடுங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் போன இடமெல்லாம் எதிராளி நின்றுகொண்டிருந்தான். மாடி வீட்டுக்காரர் மோட்டார் போடுவார் என்று இவர் காத்திருந்தார். இவர் போடுவார் என்று அவர் காத்திருந்தார். இரண்டு வீட்டிலும் குழாய் வறண்டது. "இரு ஹாஜிரா, அவரு எவ்ளோ நேரம் தாங்குறாருன்னு பாத்துகினு கீறேன்" என்றார் ஹபீப் பாய், துண்டைத் தோளில் போட்டபடி. ஹாஜிரா பீ போய் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்தார். இன்னொரு நாள், சாய்மாவும் அவள் தம்பி ரெஹானும் ஐஸ்கிரீமுக்குச் சண்டை போட, ஒருத்தர் வெட்ட வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும், அப்போதுதான் பங்கு சரியாக இருக்கும் என்று தீர்ப்புச் சொன்னார். ரெஹான் விவரமான பையன். ஸ்கேல் எடுத்துவந்து அளந்து வெட்டினான். அவன் அளந்து முடிப்பதற்குள் தட்டில் இருந்ததைக் குடிக்கத்தான் முடிந்தது.

பனகல் பார்க் வளைவில் நடந்ததைச் சொன்னால் இன்றைக்கும் அவருக்குக் கோபம் வரும். நாம் வழிவிடப் போவதில்லை என்று எதிராளிக்கு முன்கூட்டியே காட்டிவிட்டால் அவனே ஒதுங்கிவிடுவான் என்பது பாடம். ஹபீப் பாய் எதிரே வருவதைப் பார்க்காதது போல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு வண்டியை விட்டார். எதிராளியாக வந்தது மாநகரப் பேருந்து. அதற்குப் பாடம் தெரியாது. பைக்கின் வலது கண்ணாடி போனது. ஓட்டுநர் அவரைப் பார்த்துச் சொன்னதை வீட்டில் திருப்பிச் சொல்ல முடியவில்லை.

சும்மா கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. கடையில் அந்தப் படிப்பு கொஞ்சம் உதவவும் செய்தது. விலை கட்டாது என்று எழுந்து போகிற அம்மாள் எவ்வளவு தூரம் போவாள், எங்கே தயங்குவாள் என்று அவருக்கு முன்பே தெரியும். இப்போது அதற்கு ஒரு பெயரும் கிடைத்துவிட்டது. மனிதர் பாவம், சந்தோஷமாக இருந்தார். ஸ்கூலை எட்டாவதோடு விட்டவருக்கு, மகள் படிக்கிற பாடம் தனக்கும் புரிகிறது என்பதே பெரிய விஷயம். அதைப் பக்கத்துக் கடை ஜவஹரிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

இந்த ஜவஹரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்து வியாபாரிகளை இந்த ஊர் அழைப்பது போல, ஹபீப் பாயும் அவரை அண்ணாச்சி என்றுதான் அழைப்பார். அவருடையதும் மேட்சிங் சென்டர்தான். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். வெளியூர்க்காரர்கள் பார்த்தால், ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடை, அடித்துக்கொள்வார்கள் என்றுதான் நினைப்பார்கள். நடந்தது வேறு. எந்த மேட்சிங் கடையிலும் எல்லா நிறமும் இருக்காது. "அண்ணாச்சி, மயில்கழுத்துல ஒரு மீட்டர் குடுங்க" என்று இங்கிருந்து குரல் போகும், துணி வரும். "பாய், வெங்காயத்தோல் கலர் இருக்கா?" என்று அங்கிருந்து வரும், துணி போகும். அவர் கடைப் படியில் கால் வைத்த வாடிக்கையாளரை இவர் கூப்பிட மாட்டார். இவர் படியில் கால் வைத்தவரை அவர் பார்க்கக்கூட மாட்டார். யாரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம் இல்லை. தானாக அமைந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, வெள்ளிக்கிழமை. ஹபீப் பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது கடையை மூட மாட்டார். ஜவஹர் ஒரு ஸ்டூலைத் தூக்கிவந்து இரண்டு கடைக்கும் நடுவே போட்டு உட்காருவார். பாய் திரும்பும்வரை இரண்டு கடையும் அவர் பொறுப்பு, கல்லாப் பெட்டி உள்பட. அதே மாதிரி, ஊரில் கோயில் கொடைத் திருவிழா என்று ஜவஹர் குடும்பத்தோடு கிளம்பிவிட்டால் அவர் கடையை ஹபீப் பாய் பார்த்துக்கொள்வார். பொழுது சாய்ந்தால், அங்கே வேலை செய்யும் பெண்ணிடம் சாமி படத்துக்கு விளக்கேற்றச் சொல்ல அவர் மறந்ததே இல்லை. வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த ஏற்பாடு அது. அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள்.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. ஒரு திங்கட்கிழமை அது நிஜமாகவே வந்தது. கட்டட முதலாளியின் மேனேஜர் ராம்குமார் கடைக்குள் வந்து, கதவோரம் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"பாய், புதுசா கட்டற காம்ப்ளெக்ஸ்ல, கீழ் தளத்துல பழைய ஆளுங்களுக்கு ஒரே ஒரு கடைதான். யாரு முதல்ல காலி பண்ணித் தர்றேன்னு கையெழுத்துப் போடறாங்களோ, அவங்களுக்கு. மத்தவருக்கு அட்வான்ஸ் திரும்ப வரும், அவ்ளோதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். பக்கத்துல சொல்லிடாதீங்க."

"ரெண்டு பேருமே போடலைன்னா?"

ராம்குமார் சிரித்தார். "அது நடக்காது பாய்."

அவர் போன பிறகு ஹபீப் பாய் மீட்டர் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இருவருமே போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். முதலாளிக்கு அவசரம். கோர்ட், கேஸ் என்று இழுத்தால் அவருக்குத் தாங்காது. இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்தால் கீழேயே இரண்டு கடை கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஒருவர் அசைந்தால் மற்றவர் நடுத்தெரு. மகள் சிக்னலில் சொன்ன திருடர்கள் சந்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

கீழ் தளம் என்பது மேட்சிங் கடைக்கு உயிர். டியூப் லைட் வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் பொய் சொல்லும். புடவையையும் துணியையும் தெருவெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் நிறம் தெரியும். மாடியில் மேட்சிங் கடை வைத்தவர்கள் பிழைத்ததாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. சாய்மாவின் படிப்பு, ரெஹானின் காலேஜ், வீடு, எல்லாம் இந்தப் படிக்கட்டும் இந்த வெயிலும்தான்.

சற்று நேரம் கழித்து ஜவஹர் டீ கொடுத்து அனுப்பினார். பிறகு அவரே வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன பாய், ராம்குமார் வந்துட்டுப் போனாரே. என்ன சொல்லுதாரு?"

"சும்மாதான் அண்ணாச்சி. வாடகை விஷயம்."

"எங்கிட்டயும் அதான் சொன்னாரு."

இரண்டும் பொய். இரண்டு பேருக்கும் அது தெரிந்தது. ஜவஹர் தம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை பைக்கில் போகும்போது ஹபீப் பாய் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, அந்த ரெண்டு திருடன் கணக்கு சொன்னியே. அதுக்குச் சரியான விடை இன்னா?"

"காட்டிக்கொடுக்கறதுதான் அத்தா. மத்தவன் என்ன செஞ்சாலும் இவனுக்கு அதுதான் லாபம்."

"ரெண்டு பேரும் ரொம்ப நாள் பழகினவங்களா இருந்தா?"

"அப்போ வேற. தினம் தினம் முகத்தைப் பார்க்கணும்னா, இன்னிக்கு நான் ஏமாத்தினா நாளைக்கு நீ ஏமாத்துவேன்னு பயம் இருக்கும். அதனால ஒழுங்கா இருப்பாங்க."

"இதான் கடைசி நாள், இனிமே பாக்கவே போறதில்லன்னா?"

"அப்போ மறுபடியும் காட்டிக்கொடுக்கறதுதான். ஏன் அத்தா கேக்கறீங்க?"

"சும்மா" என்றார் அவர்.

புதன், வியாழன் இரண்டு நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தால் காது அங்கே போனது. ஜவஹர் போனில் பேசினால் யாரோடு என்று மனசு அலைந்தது. மயில்கழுத்து இல்லை என்று ஒரு வாடிக்கையாளரை அப்படியே அனுப்பினார். சுவரைத் தாண்டி ஒரு குரல் கொடுத்திருந்தால் துணி வந்திருக்கும், குரல்தான் எழும்பவில்லை. இவர் இப்படி இருந்தால் அவர் மட்டும் எப்படி இருப்பார். அங்கிருந்தும் குரல் வரவில்லை.

கடைசியில் ஹாஜிரா பீயிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் கேட்டுவிட்டு, "இதுல இன்னா இருக்குது? அவருகிட்டயே போய் கேளுங்களேன்" என்றார்.

"கேட்டா அவரு போட மாட்டேன்னுதான் சொல்லுவாரு. அத எப்படி நம்புறது?"

"வாரா வாரம் கல்லாவ யாருகிட்ட வுட்டுட்டுப் போறீங்க?"

தியரியில் அப்படி ஒரு கேள்வி இருந்ததாக ஹபீப் பாய்க்கு நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மனைவியிடம் வந்து சொன்னார். "போடல ஹாஜிரா. யோசிச்சிட்டேன். ஆனது ஆவட்டும். தொழுதுட்டு வந்து அண்ணாச்சிகிட்ட எல்லாத்தையும் ஒடைச்சுச் சொல்லிடறேன். ரெண்டு பேரும் சேந்து நின்னுக்கறோம்." சொல்லும்போதே மனசு லேசானது. ஹாஜிரா பீ அத்தர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார்.

அப்போதே, காலையிலேயே போய்ச் சொல்லியிருக்கலாம். நல்ல காரியத்தைக்கூட நல்ல நேரம் பார்த்துச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற மனசு. காலையில் கடையில் கொஞ்சம் கூட்டமும் இருந்தது.

மதியம் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கியது. ஹபீப் பாய் தொப்பியை எடுத்தார். எப்போதும் போல ஜவஹர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். நான்கு நாளாகச் சரியாகப் பேசாத மனிதர், ஆனாலும் வந்தார். ஸ்டூலைக் கீழே வைக்கக் குனிந்தார்.

அந்த நொடியில் ஹபீப் பாய்க்கு என்னவோ ஆனது. நான் இல்லாத நேரம் பார்த்து ராம்குமார் வந்தால்? என் கடை வாசலிலேயே உட்கார்ந்து, என் கல்லாவைப் பார்த்துக்கொண்டே அவர் கையெழுத்துப் போட்டால்? அது பாதி. மறுபாதி வெட்கம். இவ்வளவு சந்தேகத்தை மனசில் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் ஸ்டூல் போட்டு உட்காருவதைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"வேணாம் அண்ணாச்சி" என்றார், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "இன்னிக்கு ஷட்டர் போட்டுட்டுப் போறேன். ஒண்ணும் பெருசா யாவாரம் இல்ல."

கம்பியை மாட்டி இழுத்தார். ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெள்ளிக்கிழமை மதியத்தில் அந்த ஷட்டர் இறங்கி அந்தச் சந்து பார்த்ததில்லை. ஜவஹர் ஸ்டூலைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பள்ளிவாசலில் ஹபீப் பாய் வரிசையில் உட்கார்ந்தார். இமாம் பயானில் உபதேசம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் மனசில், திரும்பிப் போய் என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. 'அண்ணாச்சி, தப்பா நினைச்சுக்காதீங்க' என்று ஆரம்பிக்கலாம் என்று வைத்துக்கொண்டார். தப்பாக நினைப்பது என்ற வார்த்தையிலேயே மனசு நின்றுவிட்டது. அண்ணாச்சி இப்போது என்ன நினைப்பார்?

மாதக்கணக்கில் மோட்டார் சுவிட்சிடமும் மாநகரப் பேருந்திடமும் கேட்ட கேள்வியை, கேட்க வேண்டிய ஒரே இடத்தில் அவர் கேட்கவில்லை. கடைசி நாள். சாயங்காலம் கெடு. ஒரு நாளும் மூடாத மனிதர் கடையை மூடிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போகிறார். அதற்கு என்ன அர்த்தம்? சின்னக் குழந்தைகூடச் சொல்லும். பாய் சரி சொல்லிவிட்டார், கையெழுத்துப் போடத்தான் போகிறார்.

தொழுகை முடிந்ததும் யாரோடும் சலாம் சொல்லிக் கைகொடுக்காமல் வெளியே வந்தார். பாண்டி பஜாரில் நடைபாதை நிறையக் கூட்டம். இடித்துக்கொண்டும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டும் நடந்தார், கடைசியில் ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்ட ஓடிய மனிதரைப் பார்த்துப் பூ விற்கிறவர்கள் வழிவிட்டார்கள்.

சந்து முனையில் ராம்குமார் எதிரே வந்தார். கையில் ஃபைல். பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார்.

"சாரி பாய்" என்றார். "அண்ணாச்சி போன் பண்ணிக் கூப்பிட்டுட்டாரு. அவரே போட்டுட்டாரு."

ஹபீப் பாய் தலையை ஆட்டினார். போய் ஷட்டரைத் தூக்கினார். உள்ளே போய், துணிக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தார். இதே வாசலில் வந்து நின்று நிறம் கேட்ட முகங்களெல்லாம் நினைவுக்கு வந்தன. அழுகை வரவில்லை.

வெயில் இறங்கும் நேரத்தில் ஜவஹர் வந்தார். வந்தவர் உள்ளே வராமல் படிக்குக் கீழேயே நின்றார். கண் சிவந்திருந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் சண்டைக்கு வந்த மாதிரிதான் இருந்தது.

"பாய், ஒரே ஒரு வார்த்தை கேக்கேன். நீங்க அந்தாள்கிட்ட சரின்னுட்டியள்லா? அதுக்குத்தான ஷட்டர இறக்கினிய?"

ஹபீப் பாய் நிமிர்ந்து பார்த்தார்.

"மூஞ்சியப் பாக்காம இறக்குனியளே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் நாலு நாளா போடக்கூடாதுன்னு இருந்தேன் பாய். எம் பொண்டாட்டி மேல சத்தியமா. நீங்க போட மாட்டியன்னு அவகிட்ட அடிச்சுச் சொன்னேன். ஷட்டர் இறங்குனதும் நெஞ்சு ஒடஞ்சு போச்சு. ஆத்திரத்துல போனப் போட்டு அந்தாள வரச்சொன்னேன்." அவர் குரல் இறங்கியது. "சரின்னுட்டியள்லா பாய்? சரின்னுட்டேன்னு சொல்லுங்க."

கேட்டது கேள்வி இல்லை. அந்த மனிதர் படிக்குக் கீழே நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். நியாயம் இவர் பக்கம் வந்துவிடும். ஜவஹர் அந்தக் கையெழுத்தோடு ஆயுசு முழுக்க உட்கார்ந்திருப்பார்; புதுக் கடையில் வெளிச்சம் இருக்கும், மனிதருக்கு நிம்மதி இருக்காது. போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்கவும் முடியாது. இல்லை என்ற சொல்லால் இனி யாருக்கும் ஒரு அங்குலம் இடம்கூடக் கிடைக்கப்போவதில்லை.

அதோடு, தான் மட்டும் சுத்தமா என்று ஹபீப் பாய் தன்னைக் கேட்டுக்கொண்டார். பேனாவைத் தொடவில்லை, அவ்வளவுதான். கம்பியை மாட்டி இழுத்தது யார் கை?

"ஆமா அண்ணாச்சி" என்றார். "நேத்தே போன்ல சரின்னுட்டேன். சாயங்காலம் வந்து போடறதா இருந்தேன். நீங்க முந்திக்கினீங்க."

ஜவஹர் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு பெரிதாக வந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே சிரித்தார், சிரிப்புக்குள் அழுகையும் கலந்திருந்தது. "பாருங்க பாய், நானும் யோக்கியன் இல்ல, நீங்களும் யோக்கியன் இல்ல" என்றார். "விடுங்க. நல்லவேளை." ஹபீப் பாய் கல்லாவை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் வந்த டீயை இருவரும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

வீட்டில் ஹாஜிரா பீ இதைக் கேட்டு ஆடிப்போனார். "இன்னா மனுசன் நீங்க? கடையும் போச்சு, பேரும் போச்சா? செய்யாத தப்ப யாராவது ஏத்துப்பாங்களா?"

"அவரு நின்ன நெலமையப் பாத்திருந்தா நீயும் அதத்தான் சொல்லியிருப்ப."

"நான் சொல்லியிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபம் ஆறப் பல வாரம் ஆனது. ஒழுங்காக ஆறியது என்றும் சொல்ல முடியாது.

ஹபீப் பாய்க்கு மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில்தான் இடம் கிடைத்தது. புடவையோடு வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரோடும் அவர் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்குவார். தெருவில் நின்று வெயிலில் நிறம் பார்ப்பார். சரியில்லை என்றால் ஏறி வேறு துணி எடுத்துக்கொண்டு மறுபடி இறங்குவார். முட்டி வலி கண்டது. ஜவஹர் தன்னிடம் இல்லாத நிறத்துக்கெல்லாம் ஆட்களை அங்கே அனுப்பினார்: "மயிலாப்பூர் போங்க, நம்ம பாய் கடை இருக்கு. ஏறக் கஷ்டமா இருந்தா கீழ நின்னு ஒரு போன் போடுங்க, அவரே இறங்கி வருவாரு." வியாபாரம் படுக்கவும் இல்லை, நிமிரவும் இல்லை. கேம் தியரி பேச்சை மட்டும் அவர் அடியோடு விட்டுவிட்டார். காலையில் மாடி வீட்டுக்காரரை எதிர்பார்க்காமல் தானே போய் மோட்டார் போட்டார்.

இரண்டு வருஷம் கழித்து சாய்மாவுக்கு நிக்காஹ். அடையாறில் ஒரு மண்டபம். ஜவஹர் குடும்பத்தோடு விடியற்காலையிலேயே வந்துவிட்டார். பந்தி கவனிப்பது, மாப்பிள்ளை வீட்டாரை உட்கார வைப்பது எல்லாம் அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை காஷிஃபின் பக்கத்தில் உட்கார்ந்து, கூட இருந்தவர்கள் எல்லோரும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"மாப்ள, உங்க மாமனார லேசா எடை போட்டுறாதிய. பாக்கத்தான் சாது. எனக்குத் தெரியாம, கட்டட ஓனர்கிட்ட முதநாளே போன் போட்டுச் சரின்னு சொன்ன மனுசன். நான் மட்டும் முந்தலேன்னா நான் நடுத்தெருவுல நின்னிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை தர்மசங்கடமாகச் சிரித்தார். பிரியாணித் தாலாத் தட்டோடு நின்ற ஹாஜிரா பீயின் முகம் கறுத்தது. இத்தனை நாளாக அடக்கி வைத்தது தொண்டை வரை வந்துவிட்டது. புதுச் சம்பந்திகள் முன்னால், மகளின் கல்யாணத்தில், தன் புருஷனைத் திருடன் என்கிறார் இந்த மனிதர். அந்த அம்மாள் வாயைத் திறந்தார். எதிரே ஹபீப் பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதட்டும் பார்வை இல்லை அது, கேட்டுக்கொள்கிற பார்வை. ஹாஜிரா பீ வாயை மூடினார்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க அண்ணே" என்று கறியாகப் பார்த்து ஜவஹர் தட்டில் வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனார்.

"ஆமா மாப்ள" என்றார் ஹபீப் பாய், எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபடி. "அண்ணாச்சி முந்திக்கினாரு."

சாப்பிட்டு முடிந்ததும் அவரே செம்பும் வட்டிலும் எடுத்துக்கொண்டு ஜவஹருக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்ற வந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஜவஹர் கையை நீட்டினார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"பாய், இத எம் பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. அன்னைக்கு நீங்க மட்டும் இல்லேன்னு சொல்லியிருந்தியன்னா, நான் உங்க மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன். இந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்கவே மாட்டேன். கடைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய."

ஹபீப் பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. கடை போனதற்கு வராத கண்ணீர் அது. ஜவஹரின் கை சுத்தமான பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.